வெள்ளைப் பூ வந்த கல்யாணம்

திருப்பூர்,
10.2.2004

அன்புள்ள மாமாவுக்கு,

வேலாத்தாள் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். நம் இரண்டு பேரில் ஒருவர்கூட நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அதை எழுதக் கை வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. லூதியானாவில் குளிர் எலும்பு வரைக்கும் போகிறது, போட்டுக்கொள்ள நல்ல ஸ்வெட்டர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஸ்வெட்டர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு இப்படி எழுதுகிறாரே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு போய்விட்டது. தைப் பொங்கலோடு மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பங்குனியில் நம் கோயில் பொங்கலுக்கு வந்து அம்மன் காலில் விழுந்துவிட்டு, 'அதற்குப் பிறகு என்னால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது' என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்தப் பேச்சை நான் இதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். போன ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், 'ம்' என்றேன். பதினொரு மணிக்கெல்லாம் உங்களைக் காரில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓடினோம். ஒன்பது நாள் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து அந்த ஒரு 'ம்'மை நினைத்து நினைத்து அழுதேன். இன்னொரு தடவை அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. நீங்கள் சாகக்கூடாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை கூப்பிட்டேனே. உங்கள் கம்பெனி வாட்ச்மேனிடம் எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தை ஹிந்தியில் கெஞ்சி உங்களை வரவழைத்தால், 'நல்லாத்தான் இருக்கறேன், வெச்சிரட்டா' என்று வைத்துவிட்டீர்கள். இங்கே போன் ஹாலில் இருக்கிறது, பக்கத்தில் உங்கள் அப்பா டி.வி. பார்க்கிறார். எதைப் பேச முடியும்?

வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நம் பவர் டேபிள் ஷெட்டில் பன்னிரண்டு தையல் மெஷினில் எட்டுதான் ஓடுகிறது. சாயப்பட்டறைகளை அடிக்கடி நிறுத்தச் சொல்வதால் துணி நேரத்துக்கு வருவதில்லை. தையல்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் அப்பா யாரிடமும் பேசுவதில்லை. காலையில் ஷெட்டைத் திறந்து, நின்றுபோன மெஷின்களுக்குக்கூட எண்ணெய் விட்டுத் துடைத்து வைக்கிறார். உங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு 'வடக்க பெரிய வேலைல இருக்கறானுங்க' என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்குச் சளி பிடித்து விட்டது, மற்றபடி வேலைக்குக் குறைச்சல் இல்லை.

உங்கள் கடிதத்தை நான் உங்கள் அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். நீங்கள் அந்த இடத்தில் எழுதியிருப்பதை அத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். 'அம்மனே வெள்ளைப் பூவைக் கொடுத்து இவளோடு வாழ் என்று சொன்ன பிறகும் என்னால் முடியவில்லை. தெய்வம் சொல்லியும் திருந்தாதவன் எதற்கு இருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். இதையேதான் ஆஸ்பத்திரியிலும் சொன்னீர்கள். ட்யூபை எடுத்த அன்றைக்கே, தொண்டை கட்டிய குரலில், 'அம்மன் வாக்க மீறிப்போட்டேன் வேலா' என்றீர்கள்.

அந்தப் பூ கேட்ட கதையை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணமே வேண்டாம் என்று எட்டு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். காரணத்தை அப்பா அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அத்தை, கோயிலில் பூ வைத்துக் கேட்டுவிடலாம், வெள்ளைப் பூ வந்தால் கட்டிக்கொள், செவ்வரளி வந்தால் நான் இனி வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். அம்மனுக்கு என் மனசு தெரியும், சிவப்பைத்தான் கொடுப்பாள் என்று நம்பிப் போனேன் என்று சொன்னீர்கள். பூ வைத்து மடித்த இரண்டு பொட்டலங்களை அம்மன் முன்னால் போட்டு, பங்காளி வீட்டுச் சின்னப் பாப்பாவை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் வெள்ளை. மூன்றாம் மாதம் என் கழுத்தில் தாலி ஏறியது.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார். பங்குனிப் பொங்கல் வருகிறது, உங்களை ஊருக்கே வரவழைத்துவிடலாமா என்று புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. நீங்கள் அம்மன் சொன்னால்தான் கேட்பீர்கள், அதனால் மாத்திரை சாப்பிட வேண்டுமா வேண்டாமா என்று அம்மனையே கேட்டுவிட்டு உங்களுக்கு எழுதலாம் என்று நினைத்தேன். 'இந்தத் தடவை பூவை நானே மடிக்கறேனுங்க அத்தை, போய்க் கேட்டுப்போட்டு வந்தரலாம்' என்றேன். அத்தையின் கை அப்படியே நின்றுவிட்டது. அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, 'வேண்டாங் கண்ணு, அவகிட்ட இனிமே பூவே கேக்க வேண்டாம்' என்றார். ஏன் என்று கேட்டேன். சொல்லிவிட்டார்.

'ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளதான் வெச்சேன். செவப்பு அரளிய மடியில கட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். பூசாரிக்குக்கூடத் தெரியாது. பையன் ஒரு குடும்பஸ்தனா நின்னுட்டாப் போதும்னு நெனச்சுப்போட்டேன். அந்தக் கோவத்துலதான் அம்மன் இப்படிப் போட்டு ஆட்டுறா' என்றார்.

மாமா, எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று எழுதுவது. பெரியவர் என்று பார்க்காமல் பேசிவிட்டேன். பெற்ற மகனை ஏமாற்றினீர்கள், யார் வீட்டுப் பெண்ணோ என்று என்னையும் ஏமாற்றினீர்கள், அது போதாதென்று சாமியையும் ஏமாற்றிவிட்டு இப்போது கோபம் வந்தது சாமிக்கு என்கிறீர்களே என்று கேட்டேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் தேற்றவில்லை. சீமாற்றை எடுத்துக்கொண்டு போய், காலையில் கூட்டின வாசலையே திரும்பவும் கூட்டினேன்.

அரை மணி கழித்து அத்தையே வாசலுக்கு வந்தார். இதை அவனுக்கு எழுதிப்போடு என்றார். எழுதினால் நீங்கள் இனி அவர் முகத்தில் முழிப்பீர்களா என்று கேட்டேன். 'அம்மான்னு கூப்புடாட்டியும் போகுது. பையன் இருந்தாப் போதும்' என்றார். அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இந்தப் பகுதியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டித்தான் எழுதுகிறேன், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே, தெளிவாகக் கேளுங்கள். அம்மன் உங்களிடம் கட்டிக்கொள் என்று சொல்லவில்லை. அவள் ஒன்றுமே சொல்லவில்லை, சொல்ல விட்டால்தானே. நீங்கள் எந்த வாக்கையும் மீறவில்லை. நீங்கள் மூன்று வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிற பாவம் உங்கள் பாவம் இல்லை.

அடுத்தது மாத்திரை. 'ஆறு மாதம் சாப்பிட்டும் மனசு மாறவில்லை, ஆண்கள் பக்கம்தான் போகிறது, அப்புறம் இந்த மாத்திரை எதற்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். சனிக்கிழமை நம் செக்கிங் டேபிள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் கடிதத்தோடு கோயம்புத்தூர் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். சில ஆண்களுக்கு ஆண்கள்மேல்தான் விருப்பம் போகும், அது வியாதி கிடையாது, அதற்கு மாத்திரையும் கிடையாது, தேவையும் இல்லை. உங்களுக்கு வந்திருக்கிற வியாதி மனச்சோர்வு, வருஷக்கணக்காக ஒளிந்து ஒளிந்து பயந்து வாழ்ந்தால் யாருக்கும் வரும், மாத்திரை அதற்குத்தான் என்றார். தூங்குவதற்கும், சோறு இறங்குவதற்கும், காலையில் எழுந்திருக்க மனசு வருவதற்கும். திடீரென்று நிறுத்தினால் பழைய எண்ணமெல்லாம் திரும்ப வரும் என்றார். எனக்குப் புரிகிற மாதிரி, 'செத்துப்போலாம்னு தோணுறது அவர் யோசிச்சு எடுத்த முடிவு இல்லம்மா, அதுவே வியாதிதான்' என்று சொன்னார்.

இந்தக் குழப்பம் உங்களுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் உங்கள் சித்தப்பா ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாரே, கையில் கரண்ட் வைத்து, ஆம்பளைப் படத்தைக் காட்டிக் காட்டி, ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று சொன்னவர். அந்த ஊர்ப் பெயரை எழுதக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் என்றாலே உங்களை மாற்றுகிறவர் என்று அங்கேதான் உங்கள் மனசில் பதிந்துபோயிருக்கிறது. டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. வைத்தியம் என்று சொல்லி அப்படிச் செய்வது தப்பு என்றார்.

இனி என் பங்கு. இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் மன்னிப்பும் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் என் தங்கச்சியின் வளைகாப்பு. மூன்று வருஷமாகக் குழந்தை இல்லாதவள் என்று எங்கள் பெரியம்மா என்னை வளையல் போட விடவில்லை, பின்னால் போய் நில் என்றார். பந்தி பரிமாறுகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் ஈரோட்டுக்கு டெஸ்டுக்குப் போனது நான், கசாயம் குடித்தது நான், மாசாமாசம் 'விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொன்னது நான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து உங்களிடம் ஒரே கேள்வியாகக் கேட்டேன். 'நீங்கெல்லாம் ஆம்பளைங்களா' என்று கேட்டேன். நீங்கள் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

எனக்கு அப்போது உங்கள் விஷயம் தெரியாது என்பது உண்மை. ஆனாலும் கேட்டது நான்தான். நீங்கள் வார்டில் படுத்துக்கொண்டு, 'எனக்குச் சின்னதுல இருந்தே ஆம்பளைங்க பக்கந்தான் மனசு போகும், உம்மேல ஒரு குத்தமும் இல்ல வேலா' என்று சொன்னபோது, எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தைவிட என் வாய்மேல் வந்த கோபம்தான் பெரிது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதம் வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன். உங்களை வெறுத்தேன், அதையும் மறைக்கவில்லை. என் வாழ்க்கையும்தானே போனது. ஆனால் வெறுப்பது வேறு, ஆள் இல்லாமல் போகவேண்டும் என்று நினைப்பது வேறு. அந்த நினைப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அந்தக் கேள்விக்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

சகாயராஜைப் பற்றியும் எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். இங்கே உங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த, நீங்கள் மனசு வைத்திருந்த அவரை உங்கள் சித்தப்பா பசங்கள் அடித்து விரட்டின பிறகு, அவர் திருநெல்வேலிக்கே போய்விட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போகவில்லை. அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார். நீங்கள் ஐ.சி.யூ.வில் இருந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றார். அத்தை பார்த்துவிட்டுச் சத்தம் போட்டதில் போய்விட்டார். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தார். ஆள் பாதியாகிவிட்டார். எனக்கு முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது. அவர் பக்கத்தில் வந்து, 'அக்கா, அவிய ஒழுங்கா சாப்புடுதாவளா' என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிடுகிறார் என்று பொய் சொன்னேன். உங்களைக் கேட்காமல் உங்கள் அட்ரஸை நான் அவரிடம் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்றால் எழுதுங்கள், கொடுக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். இருந்தாலும் கொடுக்கிறேன்.

நான் முடிவு எடுத்துவிட்டேன். அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற க்யூ.சி. வேலை கிடைத்திருக்கிறது, மாசி முதல் தேதியில் சேர்கிறேன். பக்கத்திலேயே பெண்கள் ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன். காங்கேயத்தில் எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் எண்ணெய் மில்லை மூடிவிட்டுச் சண்டைக்கு வருவார், வரட்டும். வக்கீலிடமும் பேசிவிட்டேன், இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பிரிந்துவிடலாம் என்றார். காரணம் கேட்டால் ஒத்துப்போகவில்லை என்று சொல்வோம், உங்கள் விஷயம் என் வாயிலிருந்து வெளியே போகாது. அவசரம் ஒன்றுமில்லை. உங்களுக்கு உடம்பு தேறியதும் பார்த்துக்கொள்ளலாம். பங்குனிக்கு ஊருக்கு வரவேண்டாம். இங்கே வந்தால் உங்களை உட்காரவைத்து ஆளுக்கொன்று சொல்லி மறுபடியும் கிணற்றில் தள்ளுவார்கள். அத்தையிடமும் சொல்லிவிட்டேன், சரி என்றுவிட்டார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ராக்கையா அண்ணனை உங்களுக்குத் தெரியும், நம் மெஷின் மெக்கானிக். அங்கே ஒரு பழைய நிட்டிங் மெஷினைப் பார்த்து விலை பேச உங்கள் அப்பா அனுப்புகிறார். நான் வேறு வேலையும் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு உடம்பு சரியில்லை, தனியாக விடக்கூடாது, மாத்திரையை விழுங்குகிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. 'நான் பாத்துக்கிறேன் தங்கச்சி, நாலு நாள் அவரு ரூம்லதான் படுக்கை' என்றார். அவரை ஓட்டலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவரிடம் இரண்டு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறேன், நம் டாக்டரம்மா சொன்னபடி முதலில் பாதி, அடுத்த வாரத்திலிருந்து முழுசு. லூதியானாவிலேயே ஒரு டாக்டர் பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறார், சீட்டை இதனோடு வைத்திருக்கிறேன். ராக்கையா அண்ணன் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். நீங்கள் மாற வேண்டும் என்று கேட்கப் போக வேண்டாம், தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று சொல்லுங்கள்.

இதற்குள் பத்து போஸ்ட் கார்டும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் என் புது ஹாஸ்டல் அட்ரஸை நானே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று போடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் கடிதம் போடாமலே இருந்துவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். எழுத ஒன்றும் இல்லையென்றால் எழுத வேண்டாம், வெறும் கார்டாகவே போடுங்கள். அதைப் பெட்டிவரைக்கும் கொண்டுபோய்ப் போட ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தால் போதும். ஒரு வாரம் வராவிட்டால் நான் ரயில் ஏறிவிடுவேன். டெல்லியில் மாற வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். நம் செக்கிங் டேபிளில் பீகார் பையன்களிடம் கற்றுக்கொண்ட 'ஜல்தி', 'டீக் ஹை' இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவேன்.

உங்கள் மனைவி என்று கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. பேரை மட்டும் போடுகிறேன். வயதில் சின்னவள் ஆசீர்வாதம் செய்யக்கூடாது என்பார்கள், பரவாயில்லை, செய்கிறேன். நூறு வருஷம் இருங்கள் மாமா. என்னோடு இருக்க வேண்டாம். இருங்கள்.

வேலாத்தாள்